வீட்டில் சோப்பு செய்வோர் கேட்டவையும் என் பதில்களும்

பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சோப்பு செய்து வருகிறேன். அடுப்பில் கொதிக்க வைக்காமல், எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றும் குளிர்முறைதான் என் வழி. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால், அவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு இரண்டு வயது. அவனுக்காகக் காஸ்டிக் சோடா சேர்க்காத சோப்பு செய்ய ஆசைப்படுகிறேன். வழி உண்டா?

பதில்: இல்லை அம்மா. எண்ணெயும் காரமும், அதாவது காஸ்டிக் சோடாவும், வினைபுரிந்துதான் சோப்பு உண்டாகிறது. கூடவே கிளிசரினும் கிடைக்கிறது. கட்டியாக வாங்கி உருக்கி ஊற்றுகிறார்களே, அந்தச் சோப்பு பேஸும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் காரம் சேர்த்துச் செய்ததுதான். அளவு சரியாக இருந்தால், வினை முடிந்த சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை ஓடியாடும் வீட்டில் அந்தத் தூளைப் பிரிப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன். யாராவது அவனை வெளியே அழைத்துச் சென்றிருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் இப்போதைக்கு உருக்கி ஊற்றும் முறையே போதும்.

கேள்வி: 300 கிராம் தேங்காய் எண்ணெய், 600 கிராம் ஆலிவ் எண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய், 141 கிராம் காஸ்டிக் சோடா, 282 கிராம் தண்ணீர் என்று ஒரு செய்முறை வைத்திருந்தேன். ஆலிவ் எண்ணெய் தீர்ந்துவிட்டதால் அதற்குப் பதிலாகவும் தேங்காய் எண்ணெயையே ஊற்றினேன். மற்ற அளவுகளை மாற்றவில்லை. சோப்பு நன்றாகத்தான் வந்திருக்கிறது. இது தவறா?

பதில்: நீங்கள் தப்பித்தது தற்செயல் தம்பி. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென்று ஓர் அளவு காரத்தைக் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் குட்டையான சங்கிலிகள். ஆலிவ் எண்ணெயில் இருப்பவை நீளமானவை. அதனால் ஒரே எடையில் தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் அதிகம், அவற்றுக்குக் காரமும் அதிகம் தேவை. உங்கள் பழைய செய்முறைக்கு முழுக் கணக்கு 148.7 கிராம். அதில் 5 சதவீதத்தைக் குறைத்து 141 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 5 சதவீத எண்ணெய் சோப்பாக மாறாமல் தங்கித் தோலுக்கு மென்மை தரும்.

நீங்கள் மாற்றிய பிறகு தேவை 177.5 கிராமாக ஏறிவிட்டது. நீங்கள் போட்டதோ 141. ஆக, ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் வினைபுரியாமல் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு தோலை வறட்டும் என்பதால், 20 சதவீத எண்ணெயை வேண்டுமென்றே மிச்சம் வைப்பது வழக்கம். நீங்கள் அறியாமலே அந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறீர்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் என்று எழுதிய செய்முறையில் யாராவது ஆலிவ் எண்ணெயை ஊற்றினால், அதற்குத் தேவை 135 கிராம்தான். மீதி 39 கிராம் காஸ்டிக் சோடா அப்படியே கட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தச் சோப்பு தோலைப் பொசுக்கும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் முதலிலிருந்து போடுங்கள், 50 கிராம் மாற்றினாலும் சரி.

கேள்வி: டிஜிட்டல் தராசு இல்லை. கப் அளவில் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. என் முதல் சோப்பை நானும் கப்பில் அளந்துதான் செய்தேன். மறுநாள் வெட்டியபோது கத்தி பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. வெட்டிய முகத்தில் கடுகு அளவுக்கு வெண்மணிகள், நடுவே நரம்பு போல ஒரு வெள்ளைக் கோடு. ஈரவிரலால் அதைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். மின்கலத்தை நக்கியது போலச் சுரீரென்று இழுத்தது. காரம் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நுரை வருகிறதா என்று பார்க்கும் ஆசையில் அதற்கு முன்பே கை கழுவியிருந்தேன். மணிக்கட்டு இரண்டு நாள் சிவந்து எரிந்தது. காஸ்டிக் சோடா தூளாகவும் குருணையாகவும் செதிலாகவும் வருகிறது. ஒரே கப்பில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை நிற்கும். ஒரு கிராம் வரை காட்டும் தராசு வரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: அலுமினியப் பாத்திரத்தில் கரைசல் கலக்கினேன். பொங்கி, கறுத்து, கெட்ட நெடி அடித்தது. காஸ்டிக் சோடா மட்டமானதா?

பதில்: பாத்திரம்தான் காரணம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அது தீப்பற்றக்கூடியது. எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பயன்படுத்துங்கள். கண்ணாடியும் வேண்டாம், காரம் அதை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே வரும், ஒருநாள் சூட்டில் விரிசல் விடும்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஒருபோதும் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் 80, 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும், முதல் சில நிமிடங்கள் மூக்கை அரிக்கும் ஆவி எழும். ஜன்னலைத் திறந்து வைத்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

கேள்வி: தோலில் பட்டால் வினிகர் ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். ஓடும் தண்ணீர், குறைந்தது 15 முதல் 20 நிமிடம். காரமும் அமிலமும் சேர்ந்தால் அந்த இடத்திலேயே சூடு பிறக்கும், வினிகரைத் தேடும் நேரத்தில் புண்ணும் ஆழமாகும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து அதே போலக் கழுவிக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இரண்டு மணி நேரம் மத்தால் கடைந்தேன், பதம் வரவில்லை.

பதில்: ஆலிவ் எண்ணெய் அதிகமாக இருந்தால் கையால் கடைவது அப்படித்தான் இழுக்கும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் சில நிமிட வேலை. விட்டு விட்டு ஓட்டுங்கள், தலைப்பகுதி கலவைக்குள் மூழ்கியே இருக்கட்டும். இல்லையென்றால் காற்றுக் குமிழ் ஏறும். கரண்டியிலிருந்து வழியும் கலவை மேற்பரப்பில் ஒரு கோடாகச் சற்று நேரம் நின்றுவிட்டு அமிழ்ந்தால் அதுதான் பதம். ஷியா வெண்ணெய் போன்ற கெட்டிக் கொழுப்பு சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலவை குளிர்ந்துபோனால் கொழுப்பே உறைந்து, பதம் வந்தது போல ஏமாற்றும். 40 டிகிரி ஒட்டிய சூட்டில் கலந்தால் இந்தச் சிக்கல் வராது.

கேள்வி: வினை இரண்டு நாளில் முடிந்துவிடும் என்கிறீர்கள். பிறகு எதற்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: பெரும்பகுதி வினை 24 முதல் 48 மணி நேரத்தில் முடிகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கட்டியில் நீங்கள் ஊற்றிய தண்ணீர் இன்னும் இருக்கிறது. அது மெல்ல வெளியேறும்போதுதான் கட்டி இறுகும், நுரை செறியும், குளியலறையில் சீக்கிரம் கரையாது. நான் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியை வாரந்தோறும் நிறுத்து, அலமாரியில் ஒட்டிய தாளில் எழுதி வைக்கிறேன். முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்கும், பிறகு இறக்கம் மெதுவாகும், ஒரு கட்டத்தில் எண் நகராது. அன்று எடுத்துக் குளிக்கலாம். முழுக்க ஆலிவ் எண்ணெயில் செய்தது என்றால் ஆறு மாதம்கூட வைத்திருங்கள். நான்கு வாரத்தில் வழவழவென்று கோழை போல இருக்கும் அதே கட்டி, ஆறு மாதத்தில் வேறொரு சோப்பு ஆகிவிடும்.

கேள்வி: இலைச்சாறு பச்சையாக ஊற்றினேன். ஒரு வாரத்தில் பழுப்பாகிவிட்டது. மேலே வெள்ளைப் பொடியும் படிந்திருக்கிறது.

பதில்: பச்சையம் காரத்தில் நிற்காது. மஞ்சள்கூட முதலில் சிவந்து, பிறகுதான் ஒரு செம்பொன் நிறத்துக்கு வரும். நிலைத்த நிறம் வேண்டுமென்றால் களிமண் வகைகள், அடுப்புக்கரித் தூள், அவுரி நீலம் ஆகியவற்றை நம்பலாம். வெள்ளைப் பொடி காற்றுப்பட்டு உண்டான சோடியம் கார்பனேட். ஆவி காட்டினால் போய்விடும், கெடுதல் இல்லை.

கேள்வி: ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்து சிக்கு வாடை வருகிறது.

பதில்: எண்ணெய் கெட்டுவிட்டது. சூரியகாந்தி போல எளிதில் சிக்கடிக்கும் எண்ணெயைக் குறையுங்கள், பழைய எண்ணெயைத் தொடாதீர்கள். இரும்புக் கம்பி அடுக்கில் உலர்த்தினாலும் இது வரும்.

கேள்வி: அமிலமா காரமா என்று எண்ணால் காட்டும் pH தாளில் 9 காட்டுகிறது. 5.5-க்குக் கொண்டுவர எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமா?

பதில்: சோப்பு என்றாலே 9, 10 என்றுதான் இருக்கும். அதை 5.5-க்கு இறக்கினால் சோப்பு உடைந்து மீண்டும் கொழுப்பு அமிலமாகிவிடும், நுரைக்காது. 5.5 என்று அச்சிட்டு வரும் கட்டிகள் வேறு வகை நுரைப் பொருள்களால் ஆனவை.

கேள்வி: தோழிகள் விலைக்குக் கேட்கிறார்கள். படைக்கு நல்லது என்று சொல்லி விற்கலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சோப்பு அழுக்கை நீக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. படை உள்ளவர் உங்கள் சொல்லை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால், அந்தப் பொறுப்பு உங்களுடையது. விற்பதற்கு முன் உங்கள் பகுதியின் அழகுசாதனச் சட்டம் என்ன கேட்கிறது என்று பாருங்கள், சேர்த்த பொருள்கள் அனைத்தையும் உறையில் எழுதுங்கள்.

கேள்வி: கலக்கிய பாத்திரத்தைக் கழுவுவதற்குள் உயிர் போகிறது. ஒரே பிசுக்கு.

பதில்: அன்றே கழுவாதீர்கள். ஒட்டியிருப்பது இன்னும் வினை முடியாத கலவை, கையையும் அரிக்கும். துணியால் வழித்துவிட்டு, யார் கையும் படாத இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். அதற்குள் ஓரத்தில் ஒட்டியதெல்லாம் சோப்பாகிவிடும். வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் நுரைத்துக்கொண்டே போய்விடும்.