ஐந்து வாட்ஸில் லண்டன் எட்டுமா?

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கடையில் சின்ன ஹாம் ரேடியோ செட் காட்டினார்கள், பாவோஃபெங்காம். ஐந்து வாட்ஸ். லண்டனில் இருக்கிற தம்பியோடு இதிலேயே கதைக்கலாம், போன் பில் மிச்சம் என்கிறார் கடைக்காரர். எங்கள் வீடு வெள்ளவத்தையில் ஏழாம் மாடி. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் எடுத்தவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ. கடைக்காரர் நன்றாகக் கதை விட்டிருக்கிறார். அந்த செட் 144, 430 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்வது, அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், உங்கள் பல்கனியில் நின்று பேசினால் தெஹிவளையில் கேட்கலாம், நடுவில் பெரிய கட்டடம் ஒன்று நின்றால் அதுவும் சந்தேகம். லண்டன் வேண்டுமென்றால் 14 மெகாஹேர்ட்ஸ் மாதிரியான சிற்றலை வேண்டும். அதுதான் அயனமண்டலத்தில், அதாவது வானத்தில் மிக உயரே மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலத்தில், பட்டுத் திரும்பி வரும், அதுவும் எல்லா நேரமும் இல்லை. தம்பியும் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். போன் பில்தான் பிரச்சினை என்றால் வாட்ஸ்அப் இருக்கிறதே!

இல்லை, உண்மையிலேயே ஆசை என்றால் செட்டைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் ஹாம்காரர்களின் சங்கமான ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவின் ஆட்களைப் போய்ப் பாருங்கள். 2004 சுனாமியில் போன் எல்லாம் செத்துக் கிடந்தபோது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பியவர்கள் இந்த ஹாம்காரர்கள்தான். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து ஒரு மாலை முழுக்கக் கேட்டுப் பார்த்தால், இது உங்களுக்குச் சரிவருமா என்று செலவில்லாமலே தெரிந்துவிடும். அப்புறம் சோதனை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் லைசென்ஸும் 4எஸ் என்று தொடங்கும் கோல்சைனும் (ரேடியோவில் உங்களை அடையாளம் காட்டும் பெயர்) எடுக்கவேண்டும். அதற்கு முன் பொத்தானை அழுத்திப் பேசினால் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து செட் தருவிக்கும் யோசனை இருந்தால் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் விசாரியுங்கள், சுங்கத்தில் பெட்டி நின்றபிறகு ஓடித்திரிவது பெரிய அலைச்சல்.

கிளப்பில் பழகிவிட்டால் யாராவது பழைய செட்டைக் கொடுக்கும்போது உங்களுக்குச் சொல்வார்கள். வாங்கும்போது ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், அழுத்துமுன் அன்டெனாவோ, அதற்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் டம்மி லோடோ மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். நான் முதலில் வாங்கிய செட் எல்லாக் குரலையும் அருமையாகக் கேட்டது, பேசப்போனால் விளக்கு மங்கி அணைந்துவிடும். ஒரு வாரம் செட்டைத் திட்டினேன். அது சிற்றலையில் பேசும் 100 வாட்ஸ் செட், அதற்கு 13.8 வோல்ட்டில் 20 அம்பியர் அளவுக்கு வேண்டும், நான் கொடுத்தது 5 அம்பியர் பவர் சப்ளை! அதனால் அந்தச் செலவையும் செட் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, 14 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலை (அலைநீளத்தில் பாதி) வயர் அன்டெனா கட்டினால் ஏறக்குறைய 10 மீற்றர் நீளம் வரும். பல்கனியில் அடங்காது, மொட்டைமாடிதான். தொடர்மாடிக் குழுவிடம் இப்போதே மெதுவாகக் கதையைத் தொடங்கி வையுங்கள்.