பிளஸ் டூ முடித்த மகன் 'கர்த்தர் காட்டட்டும்' என்று காத்திருந்தால்

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகன் ஒரு விண்ணப்பம்கூடப் போடாமல், கர்த்தர் வழிகாட்டட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். சிறுவயதில் அவன் பிழைத்து எழுந்தபோது 'இவனை ஊழியத்துக்குத் தருகிறேன்' என்று நீங்கள் பொருத்தனை செய்திருக்கிறீர்கள். அதனால் படி என்று அதட்டவும் பயமாக இருக்கிறது.

பொருத்தனையை முதலில் பார்ப்போம். பைபிளில் அன்னாள் செய்த பொருத்தனை அவள் மகன் சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டது. கர்த்தரின் அழைப்பு வந்ததோ பிறகு, பிள்ளையையே பேர் சொல்லிக் கூப்பிட்டு. அதுவும் அவனுக்கு உடனே பிடிபடவில்லை. மூன்று முறை எழுந்து ஆலய ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். அது யாருடைய குரல் என்று அந்த முதியவர்தான் இனம்காட்டினார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1193ஆம் விதியும், நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது. நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் இந்த நியாயம் பொருந்தும். ஜெபித்து வளர்த்ததில் உங்கள் பங்கை நிறைவேற்றிவிட்டீர்கள். தம்பியின் அழைப்பைத் தம்பிதான் கேட்க வேண்டும், அதைப் பகுத்துச் சொல்லப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, காத்திருப்பது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 பலருக்கும் வருகிறது. அந்த வசனம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருடம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று வருகிறது. காத்திருக்கும் காலத்திலும் கையில் வேலை இருந்தது. கர்த்தரைச் சோதிக்கத் தரையில் ஆட்டுத்தோலை விரித்துப் போட்ட கிதியோனைப் போல அடையாளம் கேட்கும் பிள்ளைகள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அடையாளம் வருவதற்குள் கவுன்சலிங் பதிவுத் தேதி போய்விடுகிறது.

அழைப்பைச் சோதிக்க நான்கு வாரம் போதும். ஒரு நோட்டில் தினமும் இரவு பத்து நிமிடம் இரண்டு விஷயம் எழுதட்டும்: இன்று நேரம் போனது தெரியாமல் செய்தது எது, மற்றவர்கள் தேடிவந்து என்னிடம் கேட்டது எது. இரண்டாவதுதான் முக்கியம். பாட ஆசைப்படுகிற பையனை எல்லோரும் பிரிண்டர் சரிசெய்யக் கூப்பிடுகிறார்கள் என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. ஊழியம் என்கிறானா? சபை ஆயரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு நாள் அவர் கூடவே போகட்டும்: ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டு சந்திப்பு, காசிமேடு கல்லறையில் அடக்க ஆராதனை, கணவன் மனைவி சண்டைப் பஞ்சாயத்து. கீபோர்டும் மேடையும் ஆயரின் வாரத்தில் சிறு பகுதிதான். நான்காவது வாரமும் அந்த வார்டுக்குப் போக மனம் விரும்பினால், அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும்.

ஏற்கெனவே எடுத்த முடிவை மனம் சோர்ந்த நாளில் மட்டும் மாற்ற வேண்டாம். இயேசு சபையை நிறுவிய லயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி இது. மதிப்பெண் வந்த இரவில் அழுதுகொண்டே பாதை மாறும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து தெரியவில்லை.

இந்த நான்கு வாரமும் விண்ணப்பம் நிற்கக் கூடாது. விண்ணப்பம் போட்டால் சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கு. கூடவே வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி போன்ற அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் போடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ₹1,000 உதவியும் உண்டு. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழையும் இ-சேவை மையத்தில் இப்போதே கேளுங்கள். நம் பகுதியில் அதிகம் சிக்குவது சாதிச் சான்றிதழ்தான். பட்டியலினத்திலிருந்து கிறிஸ்தவரான குடும்பம் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. ஆகாது; தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வரும். டி.சி.யில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று என்றால் சரிபார்ப்பில் நின்றுவிடும். உண்மை எதுவோ அதற்கு இரண்டையும் ஒத்துவரச் செய்யுங்கள்.

ஊழிய வழி உறுதியானாலும் இந்தப் பட்டம் வீணாகாது. கீழ்ப்பாக்கம் குருகுல் போன்ற இறையியல் கல்லூரிகளில் படிக்கும் பி.டி. என்ற இறையியல் பட்டம், செராம்பூர் பல்கலைக்கழகம் தருவது. தென்னிந்தியத் திருச்சபையில் குருவாக விரும்பினால் முதலில் திருமண்டலத்தின் (பேராயரின் ஆட்சிப் பகுதியின்) பரிந்துரை வேண்டும். அங்கீகாரம் யாருடையது என்று தெளிவாகச் சொல்லாத வேதபாடசாலைக்குப் பணம் கட்டாதீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் கதையில், பெண் மருத்துவர் இல்லாமல் மூன்று பெண்கள் இறந்த திண்டிவனத்து இரவைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அந்த இரவுக்குப் பிறகு அவர் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, அதன்பிறகே வேலூருக்கு வந்தார்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். தம்பி மட்டும் உள்ளே போகட்டும். என்ன பேசினீர்கள் என்று அன்றைக்கே கேட்காதீர்கள், அம்மா.