‘எட்டு பாயின்ட் இருக்கே, போதாதா டாக்டர்?’

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பீட்டா தலசீமியா மேஜர் (உடம்பில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) என்று சொன்னார்கள். அன்றிலிருந்து ரத்தம் ஏற்றி வருகிறோம். எங்கள் ஊர் மண்டபம் பக்கம். ராமநாதபுரம் போய் ஏற்றித் திரும்ப ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அவன் அப்பாவுக்கும் அன்று கடல் வேலை கெட்டுவிடும். அதனால் ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் போகிறோம். இந்தத் தடவை ஏற்றுவதற்கு முன் எடுத்த டெஸ்டில் ஹீமோகுளோபின் 8.1, வெள்ளையணு 18,400, எஸ்.ஜி.பி.டி. (ஈரல் டெஸ்ட்) 58, ஃபெரிட்டின் 2,340. நான்கு மாதம் முன்பு ஃபெரிட்டின் 1,680 இருந்தது. டெஸ்டுக்கு முந்தின வாரம் அவனுக்கு நல்ல காய்ச்சல். எட்டு பாயின்ட் இருந்தால் போதாதா? ரத்தம் ஏற்றிய பத்தாம் நாள் வேறொரு லேபில் எச்.பி.எல்.சி. எடுத்தோம். அதில் ஏ2, எஃப் வகை ஹீமோகுளோபின் எல்லாம் கிட்டத்தட்ட நார்மல். ‘நோய் சரியாகிவிட்டது’ என்கிறார் உறவினர் ஒருவர். மாமியார் ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிக் கொடுக்கிறார். எதை நம்புவது?

பதில்: நோய் சரியாகவில்லை அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கையில், சேர்ந்த இரும்பை வெளியேற்றும் மாத்திரையை நிறுத்திய குடும்பங்கள் உண்டு. எச்.பி.எல்.சி. என்பது ரத்தத்தில் எந்தெந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் டெஸ்ட். ரத்தம் ஏற்றிய பத்தாம் நாள் உங்கள் மகன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது பெரும்பாலும் ரத்தம் கொடுத்தவரின் சிவப்பணுக்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்த்து நம் பிள்ளை பாஸ் என்று மகிழ்வது மாதிரிதான் இது. பத்து மாதத்தில், முதல் பை ஏற்றுவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்தான் அவனுடையது. அதை லேமினேட் செய்து வையுங்கள். இனி இந்த டெஸ்டுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

பொதுவாக ஒன்று. லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ அளவு தலசீமியா இல்லாத பிள்ளைகளுக்கானது. உங்கள் மகனின் எண்ணை அதோடு ஒப்பிட்டால் எல்லாமே தடித்த எழுத்தில்தான் வரும். அவனுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: கடைசியாக ரத்தம் ஏற்றி எத்தனை நாள் ஆயிற்று, போன தடவை இதே எண் எவ்வளவு, டெஸ்ட் எடுத்தபோது உடம்பு எப்படி இருந்தது.

இந்தக் கண்ணோடு 8.1ஐப் பாருங்கள். அவனுக்கு 12 தேவையில்லை, ஆனால் எட்டு போதாது. ஏற்றுவதற்கு முன் எடுக்கும் ஹீமோகுளோபின் 9.5க்கும் 10.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதுதான் தலசீமியா மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட இலக்கு. அதற்குக் கீழே போனால் எலும்பு மஜ்ஜை ‘ரத்தம் பத்தவில்லை’ என்று விழுந்து விழுந்து வேலை செய்யும். அது உருவாக்கும் அணுக்கள் பெரும்பாலும் உருப்படாது, மஜ்ஜை மட்டும் வீங்கும். கன்ன எலும்பும் மேல் தாடையும் துருத்துவது, மண்ணீரல் பெருத்து வயிறு முன்னால் தள்ளுவது, வளர்ச்சி பின்தங்குவது எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. பிள்ளை சோர்ந்து படுத்தால்தான் ரத்தம் என்று காத்திருக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகள் ஏழு பாயின்ட்டிலும் ஓடி விளையாடுவார்கள், பார்ப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

இடைவெளியை மூன்று, நான்கு வாரமாகக் குறைப்பது பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தேதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ‘அடிக்கடி ஏற்றினால் இரும்பு கூடுமே’ என்று தோன்றும். கொஞ்சம் கூடும், அதற்குத்தான் மாத்திரை. ரத்தத்தைக் குறைத்து இரும்பைக் குறைக்கப் பார்ப்பது தப்புக் கணக்கு. ஹீமோகுளோபின் இறங்க இறங்கக் குடலே சாப்பாட்டிலிருந்து இரும்பை அதிகமாக இழுக்கும்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, எடை, ஏற்றும் முன் எத்தனை பாயின்ட், எத்தனை மில்லி ஏற்றினார்கள். இந்த நான்கும் போதும். வாரத்துக்கு ஒரு பாயின்ட் அளவில் இறங்குவது சகஜம். அதைவிட வேகமாக இறங்கினால் மண்ணீரல் அணுக்களை விழுங்குகிறதா, ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டதா என்று தேட வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அடுத்து ஃபெரிட்டின். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பை மறைமுகமாகக் காட்டும் எண் இது. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணமாக நாம் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வது நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், மிஞ்சினதை வெளியேற்ற உடம்பில் வழியும் கிடையாது. அது ஈரலிலும் இதயத்திலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் போய்ப் படியும். ஆனால் காய்ச்சல், கிருமித்தொற்று, ஈரல் அழற்சி வந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். ஆகவே 2,340இல் எவ்வளவு இரும்பு, எவ்வளவு காய்ச்சல் என்று இப்போது பிரிக்க முடியாது. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே லேபில் மறுபடி எடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். 1,000க்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் நோக்கம். மாதக்கணக்கில் 2,500க்கு மேலேயே நின்றால் இதயத்துக்கு ஆபத்து கூடும்.

மறு டெஸ்டிலும் இறங்காவிட்டால் மாத்திரை பக்கம் பாருங்கள். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் பெரும்பாலும் டெஃபெராசிராக்ஸ்தான் கொடுப்பார்கள். அதன் அளவு எடைக் கணக்கில் வருவது. பிள்ளை இரண்டு மூன்று கிலோ ஏறியிருப்பான், மாத்திரை பழைய அளவிலேயே இருக்கும். நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். இன்னொன்று, வாந்தி பேதியோ காய்ச்சலோ வந்தால் டாக்டருக்கு உடனே போன் செய்து, மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்று கேளுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைத் தாக்கலாம். மாதாமாதம் கிரியேட்டினின், சிறுநீர் டெஸ்ட் கேட்பது இதற்காகத்தான். டெஃபெரிப்ரோன் என்றால் கதை வேறு: அது வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடியது, காய்ச்சல் வந்த அன்றே மாத்திரையை நிறுத்தி ரத்தம் டெஸ்ட் செய்ய வேண்டும்.

வெள்ளையணு 18,400 பற்றி: தலசீமியாவில் முதிராத, உட்கரு உள்ள சிவப்பணுக்கள் ரத்தத்தில் வந்துவிடும். சில மெஷின்கள் அவற்றையும் வெள்ளையணு என்று எண்ணிவிடும். கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்துத் திருத்திய எண்ணிக்கையைக் கேளுங்கள். காய்ச்சல் இருந்ததால் தொற்றும் காரணமாக இருக்கலாம், டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். எஸ்.ஜி.பி.டி. 58க்குப் பதற வேண்டாம். அடுத்த தடவையும் பாருங்கள், மஞ்சள் காமாலை பி, சி டெஸ்டுகளை வருடம் தவறாமல் எடுங்கள்.

சுவரொட்டி வேண்டாம். ஈரலும் வேண்டாம். மாமியார் அன்பில்தான் செய்கிறார், ஆனால் இவனுக்கு இரும்பு குறைவில்லை, இரும்புதான் உபத்திரவமே. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையும் இவனுக்கு ஆகாது, டீச்சரிடம் எழுதிக் கொடுங்கள். மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். மட்டி, சிப்பி மட்டும் வேண்டாம்: இரும்பு அதிகம், அரைவேக்காடாக இருந்தால் அதிலுள்ள கடல்நீர்க் கிருமி இரும்பு சேர்ந்த உடம்பில் வேகமாகப் பெருகும். கடலில் காலைக் கிழித்துக்கொண்டு காய்ச்சல் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு.

கோடையில் கல்லூரிகளுக்கு லீவு விட்டதும் ரத்த தானம் குறைந்து பிளட் பேங்க் காலியாகும். அதே நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். ரத்தம் கொடுக்க வரும்படி உங்கள் ஊர்ச் சங்கத்தில் இப்போதே சொல்லிவைத்தால் அந்த இரண்டு மாதமும் ஓடிவிடும்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் எச்.எல்.ஏ. பொருத்தம் (திசுப் பொருத்தம்) பார்க்க வேண்டும். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குள் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் மஜ்ஜை மாற்று சிகிச்சையால் ரத்தம் ஏற்றுவதையே நிறுத்த முடியும். உறுப்புகளில் இரும்பு படிவதற்குள், சின்ன வயதில் செய்வது நல்லது. வேலூர் சி.எம்.சி.யில் செய்கிறார்கள். கோல் இந்தியா நிறுவனம் 2017இல் தொடங்கிய ‘தலசீமியா பால் சேவா யோஜனா’வில் தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அடுத்த பிள்ளைக்கு யோசித்தால் கருவுற்றதும் சொல்லுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு இருக்கிறது, 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் தங்கைக்கோ கொழுந்தனுக்கோ கல்யாணப் பேச்சு நடந்தால் நோய் இல்லாமலே அதன் மரபணுவைச் சுமக்கிறார்களா என்று தெரிய, நாள் குறிப்பதற்கு முன்பே எச்.பி.எல்.சி. எடுக்கச் சொல்லுங்கள். அந்த டெஸ்டுக்கு அங்கேதான் வேலை.