2012 லேப்டாப்பில் இன்றைய இணையம் ஓடுமா?

கேள்வி: அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. பரணில் கிடந்ததை இறக்கினேன், ஆன் ஆகிறது. ஆனால் குரோமில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்கிறது. அப்பாவுக்கு மேட்டூர் நீர்மட்டம் பார்க்கவும் சிட்டா, அடங்கல் எடுக்கவும்தான் வேண்டும். கடையில் விண்டோஸ் 10 போட 1,500 ரூபாய் கேட்கிறார்கள், இல்லையென்றால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ரெண்டும் வேண்டாம். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி எங்கேயோ பின்னால் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று கணக்கு உண்டு, உங்கள் லேப்டாப் இன்னும் 2012-லேயே இருந்தால் பிரவுசர் எந்தச் சான்றிதழையும் ஏற்காது. தேதியைத் திருத்துங்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதும் மறுபடி பழைய தேதிக்கே போனால் அந்த பேட்டரியை மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

அதன்பிறகு நீர்மட்டம் பார்க்கலாம், ஆனால் அதிலேயே பேங்க் வேலை பார்க்காதீர்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது, குரோமும் 2023-ல் வந்த 109-ஆம் பதிப்போடு கைகழுவிவிட்டது. புதிய தளங்கள் பாதி பக்கம் வெள்ளையாக நிற்பது அதனால்தான். சரி, விண்டோஸ் 10? அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. முடிந்துபோன ஒன்றுக்கு 1,500 ரூபாயா! அதுவும் 2 ஜிபி ரேமில் அது தவழும்.

அந்தக் காசை ரேமிலும், ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான எஸ்எஸ்டியிலும் போடுங்கள். ரேம் வாங்கும் முன் லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் காலத்து லேப்டாப் என்றால் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ரேம், ஸ்டிக்கரில் பிசி3 என்று இருக்கும். கடைக்காரர் டிடிஆர்4 கொடுத்தால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. மொத்தம் 4 ஜிபி ஆக்கினால் போதும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் என்றால் செகண்ட் ஹேண்ட் பார்ப்பதே மேல்.

அந்த எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், இலவசம். (அரசு லேப்டாப் பலவற்றில் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது, யார் திறந்து பார்த்தார்கள்!) இன்ஸ்டால் பண்ணும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, அடங்கல் பிரிண்ட் எடுக்க பிரிண்டர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள். யூடியூப் திக்கினால் வீடியோ தரத்தை 480-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், அக்காவின் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கும்.