அடுத்த வரியையும் படிங்க

அன்புள்ள ஐயா,

போன வருடம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. வரும் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், முதல்முறையாக ஓட்டுப் போட வேண்டும். அதற்காகப் பழைய விவாதங்களைத் தேடிப் பார்த்தேன், மனம் வெறுத்துவிட்டது. 2019இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் கமலா ஹாரிஸ் மேடையிலேயே பைடனை அப்படிக் குடைகிறார். அடுத்த வருடம் அவருக்கே துணை அதிபர் வேட்பாளராகிறார். அதே போட்டியில் நின்ற துளசி கபார்ட் கமலாவைக் கேட்டதைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. ஒரே கட்சிக்காரர்கள் இப்படிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டால் எதிர்க்கட்சிக்குத்தானே லாபம்? எல்லாம் நாடகம் என்றால் நான் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்? டெக்சாஸில் எந்தக் கட்சி பிரைமரியிலும் போடலாமாமே, எதில் போடட்டும்?

கே., டல்லாஸ்

அன்புள்ள கே.,

கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதில் ஒரு தீர்மான நகல் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, ஊதா மை மங்கிப்போய். சில வாரங்களாகவே அதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டும்.

கமலா கேட்டது 'குடைவது', துளசி கேட்டது 'காதுகொடுத்துக் கேட்க முடியாதது'. ஏன் இந்த வித்தியாசம்? கமலாவின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம் என்பதாலா? நம் வீட்டுப் பெண் கேள்வி கேட்டால் வீரம், அவளையே ஒருத்தி கேட்டால் சேறு என்று நினைக்கிற மனதோடு எந்த நாட்டிலும் ஓட்டுப் போடப் போகாதீர்கள்.

என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். 2019 ஜூன் 27, மயாமி. அதற்குச் சில நாள் முன்புதான், இனப் பிரிவினையை ஆதரித்த பழைய செனட்டர்களோடும் மரியாதையாக வேலை பார்த்த காலத்தைப் பற்றி பைடன் பேசியிருந்தார். கமலா அதைப் பிடித்தார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிய திட்டத்தை நீங்கள் எதிர்த்தீர்கள். கலிஃபோர்னியாவில் தினமும் அப்படிப் பேருந்தில் போன சிறுமி ஒருத்தி இருந்தாள், அந்தச் சிறுமி நான்தான் என்றார். மத்தியக் கல்வித் துறை உத்தரவு போடுவதைத்தான் எதிர்த்தேன் என்றார் பைடன். 1975இல் செனட்டில் அந்தத் திட்டத்துக்கு எதிராக அவரே திருத்தம் கொண்டுவந்தது பதிவில் இருக்கிறது. கேட்டதில் தவறே இல்லை. ஆனால் சில நாளில் நிருபர்கள் கமலாவிடம், நீங்கள் வந்தால் மத்திய அரசே கட்டாயமாக்குமா என்று கேட்டபோது, பள்ளி மாவட்டங்கள் பரிசீலிக்கலாம் என்கிற மாதிரிதான் பதில் வந்தது. பைடன் நின்ற இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை.

ஜூலை 31 டெட்ராய்ட்டில் துளசியின் முறை. கஞ்சா வழக்குகளில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் சிறைக்கு அனுப்பினீர்கள் என்றார். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட வழக்குகளைப் பெரும்பாலும் நடத்துவது அந்தந்தக் கவுண்டியின் (மாவட்டத்தின்) அரசு வழக்கறிஞர்கள். கமலா வகித்த மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு அந்த வேலை இல்லை. அதை அங்கேயே ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாலு கோடிப் பேர் வாழும் மாநிலத்தின் நீதித் துறையைச் சீர்திருத்தினேன், பெருமைப்படுகிறேன் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிட்டார் கமலா. எனக்கு அன்று வலித்தது அதுதான். டிசம்பர் 3ஆம் தேதி, ஒரு ஓட்டுக்கூட விழுவதற்கு முன்பே, போட்டியிலிருந்து விலகினார்.

இதை நாடகம் என்கிறீர்கள். இப்போது அப்பாவின் தாளுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருந்தது. தலைவர் தேர்தலில் அப்பாவும், அம்மாவின் அண்ணனும் எதிரெதிராக நின்றார்கள். பொதுக்குழுவன்று சங்கக் கட்டிடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாமா தீர்மானப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். "சேலைக்கு ஒண்ணேகால் ரூபாய் கூலி குறைக்கணும்னு தீர்மானம். கீழ கையெழுத்து யாரு? இவருதான்." கூட்டம் கொதித்தது. எனக்குப் பதினோரு வயது. தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அப்பா எழுந்தார். குரல் உயரவில்லை. "ஆமா, நான்தான் போட்டேன். அடுத்த வரியையும் படிங்க மச்சான்."

மாமா படித்தார். விழுங்கவில்லை, வேகமாகவும் ஓட்டவில்லை. அதே குரலில், கடைசி பாய் வரை கேட்கும்படி படித்தார். நூல் விலை ஏறிவிட்டதால் சங்கத்தால் எல்லாத் தறிக்கும் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) கொடுக்க முடியாத நிலை, கூலியைக் குறைத்து அந்தப் பணத்தில் நூல் வாங்குவது, ஆணில்லாத பன்னிரண்டு வீடுகளின் தறிக்கு முதலில் பாவு கொடுப்பது. படித்து முடித்துவிட்டு, "இருந்தாலும் கூலியில கை வச்சிருக்கக் கூடாதுங்கிறதுதான் என் கட்சி" என்று சொல்லி உட்கார்ந்தார். அப்பா ஒன்பது ஓட்டில் தோற்றார். மறுவாரம் மாமா வீட்டுக்கு வந்து, நூல் கொள்முதல் கணக்கை நீங்கதான் பார்க்கணும் என்றார். அப்பா ஒப்புக்கொண்டார். அன்று மாமா அழைத்ததை நாடகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை கால் நடுங்கும். பைடன் கமலாவை அழைத்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் வீட்டுத் திண்ணைதான்.

பதிவேடு எப்போதுமே இப்படித்தான், ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். சிறைகளை நிரப்பியது என்று குறை சொல்லப்படும் 1994 குற்றத் தடுப்புச் சட்டத்துக்கு ஓட்டளித்தவர்களில் பெர்னி சாண்டர்ஸும் ஒருவர். 2016 பிரைமரியில் அவரை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டன் அதைச் சொல்லிக் காட்டினார். அதே மசோதாவுக்குள்தான் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டமும் தாக்குதல் துப்பாக்கித் தடையும் இருந்தன. ஆம் என்றால் எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் இல்லை. குற்றம் சாட்டுகிறவர் முதல் வரியைப் படிப்பார். அடுத்த வரியைப் படிப்பது உங்கள் வேலை. அரை நிமிடத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு மனம் வெறுத்தது என்று எழுதுகிறீர்களே, அந்த மேடைப் பேச்சு ஒன்றையாவது முழுதாகப் பார்த்தீர்களா?

இங்கே இந்தியாவில் எங்களுக்கு அந்த வேலையே இல்லை. அதுதான் என் ஆற்றாமை. 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்னதை மீறி ஓட்டளித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன, யார் ஆம் என்றார் என்று பெயர்கூடப் பதிவாவதில்லை. என் தொகுதி உறுப்பினரிடம் நீ எதற்குக் கை தூக்கினாய் என்று கேட்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. வேட்பாளரையும் கட்சித் தலைமை முடிவு செய்துவிடும். உங்களுக்கு அந்த உரிமையைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள்.

எதிர்க்கட்சிக்கு லாபம் என்பது உண்மை. 1988இல் நியூயார்க் பிரைமரியின்போது அல் கோர், மாசசூசெட்ஸ் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுப்பதைச் சொல்லி, அந்த மாநில ஆளுநரும் சக போட்டியாளருமான டுகாகிஸைக் கேட்டார். பிறகு அதையே குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ் தரப்பு பெரிய ஆயுதமாக்கியது. திட்டத்தைத் தொடங்கியது டுகாகிஸுக்கு முன்பிருந்த குடியரசுக் கட்சி ஆளுநர். கோர் கேட்டபோதே டுகாகிஸ் அதை அழுத்திச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

எதில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். டெக்சாஸில் கட்சிப் பதிவு கிடையாது. வாக்குச்சாவடியில் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம், இரண்டையும் வாங்க முடியாது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மறு சுற்று வரும். முதல் சுற்றில் எந்தக் கட்சியோ, அதே கட்சிக்குத்தான் அதிலும் போடலாம். உங்கள் தொகுதிப் பிரதிநிதி எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டளித்தார் என்பதும் அமெரிக்க நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரோடு இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.