சேர்ந்த பிள்ளை தொடர்ந்து வருவதற்கு

வீட்டில் கர்நாடக இசை வாய்ப்பாட்டு வகுப்பு நடத்தும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின் கேள்விகளுக்கு, இணுவிலில் 26 ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஆசிரியை அளித்த பதில்கள்.

கோண்டாவில்: விஜயதசமியன்று 12 பிள்ளைகள் ஏடு தொடக்கினார்கள், தைப்பொங்கலுக்குள் 5 பேரே எஞ்சினார்கள். ஏன்?

மூன்று மாதமும் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை என்னும் தொடக்கச் சுரப்பயிற்சியை மட்டுமே பாடிய பிள்ளையிடம், வீட்டுக்கு வந்த உறவினர் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால், பாடிக்காட்ட அதனிடம் எதுவும் இருப்பதில்லை. பெற்றோரும் அப்போதுதான் வகுப்பின் பயனை ஐயுறத் தொடங்குகிறார்கள். வரிசைகளைக் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடத்தை ஒரு தேவாரத்துக்கு ஒதுக்குங்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலம் வரும்போது அந்தப் பிள்ளை ஊர்க்கோயிலில் பாடும். அதைக் கேட்ட அயலவரே அடுத்த பிள்ளையை உங்களிடம் அழைத்து வருவார். என் மாணவர்களில் பெரும்பாலானோர் இப்படி வந்தவர்களே. துண்டுப்பிரசுரம் ஒன்றும் நான் அச்சிட்டதில்லை.

சாவகச்சேரி: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பெற்றோருடன் வாதிடாதீர்கள். அவர்களுடைய அச்சம் உண்மையானது. ஞாயிற்றுக்கிழமையில் அரை மணித்தியாலம், அரைக் கட்டணம் என்று ஒழுங்குசெய்து, வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்காமல் பாட மட்டும் விடுங்கள். முற்றாக நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டுக்குப் பரீட்சை முடிந்த வாரமே நீங்களாகத் தொலைபேசியில் பேசுங்கள். திரும்பி வருபவரைச் சிறு பிள்ளைகளுடன் ஆரம்ப வகுப்பில் இருத்தினால் வெட்கத்தினாலேயே மீண்டும் நின்றுவிடுவார்.

மானிப்பாய்: வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு எல்லோரையும் ஆயத்தப்படுத்த வேண்டுமா?

விரும்புபவரை மட்டும். பரீட்சை ஓர் இலக்கைத் தருகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் அதற்குரிய உருப்படிகளை (பாடல்களை) மட்டுமே பாடிய பிள்ளை, சான்றிதழ் கிடைத்த கையோடு விலகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உரும்பிராய்: 13 வயது மாணவனின் குரல் உடைகிறது, வர மறுக்கிறான்.

நாம் ஆண்பிள்ளைகளை அதிகமாக இழப்பது இந்த வயதில்தான், அதுவும் பெரும்பாலும் நம்முடைய கவனக்குறைவினால். இது குரல்நாண்கள் வளர்வதால் ஏற்படும் இயல்பான மாற்றம் என்பதை முதலில் அவனுக்கு விளக்குங்கள். பெண்பிள்ளைகள் பாடும் உயர்ந்த சுருதியான 5 கட்டையில் அவனைப் பாட வைக்காதீர்கள். தனியாக அழைத்து, அந்த வாரம் குரல் எங்கே நிற்கிறதோ அந்தச் சுருதியில், மேல் ஸ்தாயியின் உயர்ந்த சுரங்களைத் தொடாமல் பாடச் சொல்லுங்கள். பாட இயலாத நாட்களில் தாளம் போடவும், கேட்டவற்றுக்குச் சுரம் எழுதவும் பழக்குங்கள். குரல் புதிய இடத்தில் அமையும்வரை கோயிலிலோ விழாவிலோ தனியாகப் பாட அவனை மேடையேற்ற வேண்டாம்.