அறிக்கையைச் சம்பளத் துண்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸில் மனிதவளப் பிரிவில் ஆறு மாதமாக வேலை செய்கிறேன். ஓடர் தரும் வெளிநாட்டுக் கம்பனி, சமூகப் பொறுப்பு அறிக்கைக்காக நீண்ட படிவமொன்று அனுப்பியிருக்கிறது. "போன வருசத்ததைப் பார்த்து எழுதுங்க" என்கிறார் மேலாளர். எப்படி எழுதுவது? (நோர்வூட் வாசகி)

பதில்: போன வருடத்து அறிக்கையை ஒரு பக்கம் வையுங்கள். தையல் லைனில் இருக்கும் ஒருவருடைய ஒரு மாதச் சம்பளத் துண்டை எடுங்கள். அதே மாதத்துக் கைரேகை மெஷின் பதிவு, லைனின் தயாரிப்புக் கணக்கு, அப்புறம் ஊசி உடைந்த பதிவேடு, இவற்றையும் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பதிவேட்டை அலுவலகத்தில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உடைந்த துண்டு உடுப்புக்குள் போய்விடக் கூடாது என்று, திகதி போட்டு, துண்டுகளை அதில் ஒட்டி வைப்பார்கள். கைரேகைப் பதிவில் ஞாயிறு ஒருவரும் வரவில்லை, பதிவேட்டில் அதே ஞாயிறு மூன்று ஊசி உடைந்திருக்கிறது என்றால், அன்று லைன் ஓடியிருக்கிறது. அனுபவமுள்ள ஒடிட்டர் இதைத் தேடிப் பார்ப்பார். அவருக்கு முன் நீங்கள் கண்டுபிடித்து எழுதிவிடுங்கள்.

சம்பளத் துண்டில், ஓ.டி. (மேலதிக நேர வேலைக் காசு) தவிர்த்த வருமானம் 32,000 ரூபாய் என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம் 2,560, கம்பனியின் 12 வீதம் 3,840. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 960; அதை முழுக்கக் கம்பனிதான் போட வேண்டும். கழித்திருக்கிறது என்பது மட்டும் போதாது, அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டியதற்கான பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு ஓ.டி. மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நம் தொழிற்சாலைச் சட்டம். போயிருந்தால் மறைக்காதீர்கள், காரணத்தோடு எழுதுங்கள். பல தடவை காரணம் ஓடர் கொடுத்தவரிடமே இருக்கும்: சாம்பிளுக்குப் பிந்திச் சம்மதம் தருவார்கள், ஷிப்மென்ட் திகதியை மட்டும் நகர்த்த மாட்டார்கள். இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அந்தச் சுமையைத் தொழிற்சாலை மட்டும் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

"பாதுகாப்பான போக்குவரத்து உண்டா?" என்ற கேள்விக்கு 'ஆம்' போடுவதற்கு முன், ஓ.டி. முடிந்த ஒரு நாள் பொகவந்தலாவைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வேலை முடிந்து வரும் பெண் பிள்ளைகள் மெயின் ரோட்டில் இறங்கி, பனிக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? அந்தத் தூரமும் அந்த நேரமும்தான் உங்கள் பதில். மொழியும் அப்படித்தான். புகார்ப் படிவம் தமிழில் இருக்கிறதா, பெட்டியின் சாவி யாரிடம், நேர்காணலில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பது யார்? சூப்பர்வைசர் மொழிபெயர்த்தால், அவரைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

மேலாளர் தயங்குவார். குறை எழுதினால் ஓடர் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஓடர் கொடுப்பவருக்கும் சட்டக் கட்டாயம் இருக்கிறது. ஆண்டு விற்பனை 3.6 கோடி பவுண்டைத் தொடும் கம்பனிகள் விநியோகச் சங்கிலியில் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று வருடாவருடம் அறிவிக்க வேண்டும் என்கிறது பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 'எல்லாம் சரி' என்ற தாளை வைத்து அவர்களால் எதையும் காட்ட முடியாது. குறை, காரணம், திருத்தும் திகதி இருந்தால்தான் காட்டலாம்.

பெரிய துரை (தோட்ட மேலாளர்) வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அறிக்கையும் அப்படி வெள்ளையடிப்பாகிவிடக் கூடாது. 2012 செப்டெம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அந்த இடத்துக்கு நற்சான்றிதழ் கிடைத்திருந்தது. அவசரக் கதவைப் பற்றி எழுதும் நாளில், எழுந்து போய் அதைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் மனம்விட்டுப் பேசியவரின் பெயரோ சேவை இலக்கமோ அறிக்கையில் வரக் கூடாது. ஒரு லைனில் தமிழ்ப் பிள்ளை ஒருவர்தான் என்றால், லைன் இலக்கத்தையும் விட்டுவிடுங்கள்.